பழைய ஏ.டி. கேபினெட்டில் புது மதர்போர்டு: பவர் பட்டனுக்கு வயர் போடுவது எப்படி?

என் மாமா டி.டி.பி. சென்டர் வைத்திருந்த காலத்தில் வாங்கிய 486 கம்ப்யூட்டரின் ஏ.டி. வகை கேபினெட் எங்கள் வீட்டுப் பரணில் வெகுநாள் கிடந்தது. வெளிறிய பழுப்பு நிறம், முகப்பில் ஒரு சாவிப் பூட்டு, 'டர்போ' என்று ஒரு பட்டன், 66 என்று சிவப்பாக எரியும் சின்ன ஜன்னல். தகரம் நல்ல கனம். இன்றைய மதர்போர்டு ஒன்றை அதற்குள் உட்காரவைத்து மறுபடி ஓட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். உங்களுக்கும் இதே ஆசை இருந்தால், போர்டை உட்காரவைப்பதைவிட, எஸ்.எம்.பி.எஸ். (சுவர் மின்சாரத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டி) பொருத்துவதைவிட, முகப்பில் இருக்கும் அந்த ஒற்றை பவர் பட்டனில்தான் நிதானமாக யோசிக்க வேண்டியிருக்கும். அதில் தவறு செய்தால் மதர்போர்டும் போகலாம், கையும் போகலாம். அதனால் அதைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது

1984-இல் ஐ.பி.எம். கொண்டுவந்த ஏ.டி. கம்ப்யூட்டரில் பவர் சுவிட்ச் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் பக்கவாட்டிலேயே இருந்தது. சிவப்பாக, பெரிதாக இருக்கும். பின்னால் வந்த ஏ.டி. கேபினெட்டுகளில் அதே சுவிட்சை நீளமான ஒரு கேபிள் போட்டு முகப்புக்குக் கொண்டுவந்தார்கள். இடம் மாறியதே தவிர வேலை மாறவில்லை. சுவரில் இருந்து வரும் மின்சாரம், நம் ஊரில் 230 வோல்ட், நேராக அந்தப் பட்டனுக்குள் போய்த்தான் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குத் திரும்பும். நம் வீட்டுச் சுவரில் ஃபேனுக்கு இருக்கும் சுவிட்ச் எப்படியோ அப்படி. அழுத்தினால் உள்ளே போய் நிற்கும், மறுபடி அழுத்தினால் வெளியே வரும்.

விண்டோஸ் 95 வைத்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். ஷட் டவுன் கொடுத்தால் கறுப்புத் திரையில் ஆரஞ்சு எழுத்தில் 'இப்போது கம்ப்யூட்டரை அணைத்துக்கொள்ளலாம்' என்ற பொருளில் ஓர் ஆங்கில வாசகம் வந்து நிற்கும். நாம்தான் எழுந்துபோய் பட்டனை அமுக்க வேண்டும். தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும் வழி அந்தக் கம்ப்யூட்டருக்கு இல்லை.

1995-இல் இன்டெல் ஏ.டி.எக்ஸ். என்ற புது அமைப்பைக் கொண்டுவந்தபோது இது தலைகீழானது. ஏ.டி.எக்ஸ். எஸ்.எம்.பி.எஸ்.ஸில், சுவரில் ப்ளக் போட்டிருக்கும்வரை ஊதா நிற வயரில் 5 வோல்ட் எப்போதும் இருக்கும். மதர்போர்டின் ஒரு சின்னப் பகுதி அந்த 5 வோல்ட்டில் விழித்துக்கொண்டே இருக்கும். முகப்பில் நீங்கள் பட்டனை அழுத்தினால் அந்தப் பகுதிக்குச் சேதி போகும். அது பச்சை வயரைக் கிரவுண்டோடு இணைக்கும். அப்புறம்தான் எஸ்.எம்.பி.எஸ். முழுதாக ஓட ஆரம்பிக்கும்.

ஆக, புது போர்டுக்கு வேண்டியது சுவர் சுவிட்ச் இல்லை, காலிங் பெல் பட்டன். அழுத்தும்போது இரண்டு வயரும் ஒரு நொடி தொட வேண்டும், கையை எடுத்ததும் விலக வேண்டும், அவ்வளவுதான். அதில் ஓடும் மின்சாரம் மிகமிகக் குறைவு. இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் மீதி எல்லாம் கைவேலைதான்.

பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கழற்றுவது

பழைய பவர் பட்டனுக்குப் பின்னால் பாருங்கள். தடிமனான கறுப்பு கேபிள் ஒன்று வந்து, பிரவுன், நீலம், கறுப்பு, வெள்ளை என்று நான்கு வயராகப் பிரிந்து லக் (வயர் முனையில் இருக்கும் தகரச் செருகி) போட்டுச் செருகியிருந்தால் அது 230 வோல்ட் சுவிட்ச். வழக்கமாக பிரவுனும் நீலமும் சுவரில் இருந்து வருபவை, கறுப்பும் வெள்ளையும் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குத் திரும்பிப் போகிறவை. பட்டன் அணைந்திருந்தாலும், ப்ளக் சுவரில் இருக்கும்வரை முதல் இரண்டிலும் கரண்ட் இருக்கும். ஆனால் நிறத்தை நம்பிக் கை வைக்காதீர்கள். முன்பு யாராவது ரிப்பேர் செய்து வயரை மாற்றிப் போட்டிருக்கலாம்.

பவர் கார்டை சுவரில் இருந்து மட்டுமல்ல, கேபினெட்டின் பின்னால் இருந்தும் உருவிவிடுங்கள். உருவிய கார்டை நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் கண்ணெதிரே வையுங்கள். வீட்டில் வேறு யாராவது தெரியாமல் செருகிவிட மாட்டார்கள். பத்து நிமிடம் கழித்து லக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எஸ்.எம்.பி.எஸ்.ஸை அந்தக் கேபிளோடு சேர்த்து முழுதாக வெளியே எடுத்துவிடுங்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். ப்ளக்கை எடுத்த பிறகும் அது கொஞ்ச நேரம் அப்படியே இருக்கலாம்.

சிலர் அந்தப் பழைய சுவிட்சை அப்படியே வைத்துக்கொண்டு, புது எஸ்.எம்.பி.எஸ்.ஸின் 230 வோல்ட்டை அதன் வழியாகக் கொண்டுவர நினைப்பார்கள். வேண்டாம். ஏ.டி.எக்ஸ். எஸ்.எம்.பி.எஸ். பலவற்றின் பின்னாலேயே ஒரு சுவிட்ச் இருக்கிறது. முப்பது வருடப் பழைய லக்கையும், உலர்ந்து வெடித்த ரப்பர் உறையையும் நம்பி தகரப் பெட்டிக்குள் 230 வோல்ட்டை நடமாடவிடுவதில் நியாயமே இல்லை.

புது எஸ்.எம்.பி.எஸ். பொருந்துமா என்ற கவலை பெரும்பாலும் வேண்டியதில்லை. ஏ.டி. காலத்தின் கடைசியில் வந்த பல கேபினெட்டுகளில் எஸ்.எம்.பி.எஸ். அளவு 150 மி.மீ. அகலம், 86 மி.மீ. உயரம். ஏ.டி.எக்ஸ். அதே அளவைத்தான் எடுத்துக்கொண்டது. பெரிய அளவு கேட்கும் பழைய கேபினெட் என்றால் பின்பக்கம் ஒரு தகரத் தகடு வெட்டிப் போட வேண்டியிருக்கும். பொருத்தும்போது நான்கு ஸ்க்ரூவையும் இறுக்கமாகப் போடுங்கள். மூன்று பின் ப்ளக்கில் வரும் எர்த் கேபினெட்டின் தகரத்துக்கு அந்த ஸ்க்ரூக்களின் வழியாகத்தான் வருகிறது. பெயின்ட் தடுத்தால் அந்த இடத்தை மட்டும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுங்கள்.

பட்டன் இல்லாமலே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்

வயர் வேலைக்கு முன் இதைக் கட்டாயம் செய்யுங்கள். பின்னால் கோளாறு வந்தால் போர்டிலா பட்டனிலா என்று தேடி அலைய வேண்டியிருக்காது.

மதர்போர்டின் ஓரத்தில், பெரும்பாலும் கீழ் மூலையில், இரண்டு வரிசையாக ஊசிகள் நிற்கும். ஒரு வரிசையில் 5, இன்னொன்றில் 4. ஐந்தாவது இருக்க வேண்டிய இடம் காலி. அந்தக் காலி இடம்தான் அடையாளம். நான்கு ஊசி இருக்கும் வரிசையில், காலி இடத்தை ஒட்டி நிற்கும் இரண்டும் பவர் சுவிட்ச். அதே வரிசையின் மற்ற இரண்டும் பவர் எல்.இ.டி. ஐந்து ஊசி வரிசையில், காலி இடத்துக்கு நேரெதிரே நிற்கும் கடைசி ஊசியை விட்டுவிடுங்கள், அதில் எதையும் மாட்டக் கூடாது. அதை அடுத்த இரண்டும் ரீசெட், மீதி இரண்டும் ஹார்ட் டிஸ்க் எல்.இ.டி. இப்போது வரும் பெரும்பாலான போர்டுகளில் இப்படித்தான் இருக்கும். ஆனாலும் உங்கள் போர்டின் கையேட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள், சில கம்பெனிகள் வேறு வரிசை வைத்திருக்கின்றன.

24 ஊசி பெரிய கனெக்டர், சி.பி.யு.வுக்கான 4 அல்லது 8 ஊசி கனெக்டர், ரேம் எல்லாம் மாட்டிவிட்டு, எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பின்பக்க சுவிட்சைக் கோடு போட்ட பக்கம் அமுக்குங்கள். இப்போது ஒரு சின்ன ஸ்க்ரூட்ரைவர் முனையால் பவர் சுவிட்ச் ஊசிகள் இரண்டையும் ஒரே நேரத்தில் தொட்டு, உடனே எடுங்கள். பக்கத்து ஊசியில் படக் கூடாது. ஃபேன் சுற்ற ஆரம்பித்தால் போர்டு ஆன் ஆகிறது என்று அர்த்தம். பின்பக்க சுவிட்சை அணைத்து, ப்ளக்கை உருவிவிட்டு அடுத்த வேலைக்குப் போகலாம்.

எந்தப் பட்டனைப் பயன்படுத்துவது?

ஒரே ஒரு வயரைக்கூட சால்டர் செய்யாமல் முடிக்க ஒரு வழி இருக்கிறது. கேபினெட்டின் ரீசெட் பட்டன் ஏற்கனவே காலிங் பெல் வகைதான். அதன் இரண்டு வயர் கனெக்டரை எடுத்து பவர் சுவிட்ச் ஊசிகளில் செருகினால் வேலை முடிந்தது. அவசரமாக ஓட்ட வேண்டும், அழகு இரண்டாம்பட்சம் என்றால் இதுவே போதும்.

ஆனால் அந்தப் பெரிய பவர் பட்டனைத்தானே விரல் தேடும்? எனக்கு அதை அமுக்கித்தான் ஆன் செய்ய வேண்டும் என்றிருந்தது. பழைய 230 வோல்ட் சுவிட்சையே, கேபிளைக் கழற்றிவிட்டு, போர்டோடு இணைக்கலாமே என்று முதலில் செய்து பார்த்தேன். கம்ப்யூட்டர் ஆன் ஆனது, நான்கு நொடியில் பொட்டென்று அணைந்தது. போர்டு போய்விட்டது என்றே நினைத்து ஒரு ராத்திரி முழுக்கக் கவலைப்பட்டேன். காரணம் எளிது. அந்த சுவிட்ச் அழுத்தியதும் உள்ளேயே நின்றுகொள்கிறது. போர்டுக்கோ யாரோ காலிங் பெல்லை விடாமல் அமுக்குவதுபோல் தெரிகிறது. நான்கு நொடிக்கு மேல் அமுக்கினால் அணைந்துவிட வேண்டும் என்பது ஏ.டி.எக்ஸ். போர்டுகளின் வழக்கம். அதோடு, வருடக்கணக்கில் 230 வோல்ட்டில் பொறி பறந்து கறுத்துப்போன உள் தகடுகள் இவ்வளவு குறைந்த மின்சாரத்தை ஒழுங்காகக் கடத்தும் என்றும் சொல்ல முடியாது.

அதனால் பழைய சுவிட்சை எடுத்துவிட்டு, முகப்பின் பிளாஸ்டிக் பட்டனை மட்டும் வைத்துக்கொண்டு, அதன் பின்னால் ஒரு டேக்ட் சுவிட்ச் வைப்பதுதான் நல்ல வழி. டி.வி., மானிட்டர் பேனல்களில் 'டிக்' என்று அமுங்குமே, அதுதான். சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடையிலோ சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். 6 மி.மீ., 12 மி.மீ. என்று இரண்டு அளவு சாதாரணமாக இருக்கும். 12 மி.மீ. வாங்குங்கள், பிடிக்கவும் ஒட்டவும் வசதி.

டேக்ட் சுவிட்சின் நான்கு கால்கள்

இதற்கு நான்கு கால் இருக்கும், நமக்கு வேண்டியது இரண்டு. நான்கும் இரண்டு ஜோடிகளாக உள்ளேயே இணைந்திருக்கும். தவறிப்போய் ஒரே ஜோடியின் இரண்டு கால்களில் வயரை வைத்துவிட்டால் பட்டன் எப்போதும் அமுங்கியே இருப்பதாக ஆகிவிடும். எது எதோடு ஜோடி என்று யோசிக்கவே வேண்டாம், மூலைக்கு மூலை குறுக்காக இருக்கும் இரண்டு கால்களை எடுங்கள். அது எப்போதும் சரியாக வரும். மல்டிமீட்டரை பீப் சத்தம் வரும் நிலையில் வைத்துப் பாருங்கள். சும்மா இருக்கும்போது சத்தம் கூடாது, அமுக்கும்போது மட்டும் கத்த வேண்டும்.

வயருக்குப் பழைய கேபினெட் எதிலாவது இருக்கும் ரீசெட் வயரையே வெட்டி எடுத்துக்கொள்ளலாம். ஒரு முனையில் போர்டில் செருகும் கனெக்டர் ஏற்கனவே இருக்கும். மறுமுனையில் 5 மி.மீ. தோலை உரித்து, இழைகளை முறுக்கி, ஈயம் பூசிவையுங்கள். சால்டர் செய்வதற்கு முன் ஹீட் ஷ்ரிங்க் ட்யூபை (சூடு பட்டால் சுருங்கி இறுகும் உறை) வயரில் கோத்துவிடுங்கள். முடித்த பிறகு நினைவு வந்தால் மறுபடி பிரித்துத்தான் போட வேண்டும்.

25 வாட் அயர்ன் போதும். முனையை சுவிட்சின் காலில் வைத்து, கால் சூடான பிறகு ஈயத்தைக் காலில் தொடுங்கள், அயர்னில் அல்ல. மூன்று நொடிக்குள் எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் வைத்தால் சுவிட்சின் பிளாஸ்டிக் இளகி, உள்ளே இருக்கும் தகடு சாய்ந்துவிடும். அப்புறம் அமுக்கினால் 'டிக்' வராது. ஈயம் பளபளவென்று காலைச் சுற்றி வழிந்து நிற்க வேண்டும். மங்கலாக, உருண்டையாக நின்றால் ஒட்டவில்லை என்று அர்த்தம், மறுபடி சூடாக்குங்கள். பழைய வகை ஈயம் என்றால் வேலை முடிந்ததும் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பட்டனுக்குப் பின்னால் உட்காரவைப்பது

அதிக நேரம் எடுப்பது இதுதான். செய்யும்போது மனசுக்குப் பிடித்ததும் இதுதான். பழைய பட்டன் பல மில்லிமீட்டர் உள்ளே போகும்படி செய்யப்பட்டது. டேக்ட் சுவிட்சோ கால் மில்லிமீட்டர் அமுங்கினாலே 'டிக்' என்றுவிடும். இரண்டையும் நேராக முட்டவைத்தால், விரல் கொடுக்கும் மீதி அழுத்தம் முழுவதையும் அந்தச் சின்ன சுவிட்சே தாங்க வேண்டும். சில வாரத்தில் அது நொறுங்கும், இல்லை ஒட்டிய பசை விட்டுப்போகும்.

நான் செய்தது இது. துளை போட்ட வெற்று பி.சி.பி. அட்டையில் பழைய சுவிட்சின் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, நடுவில் டேக்ட் சுவிட்சைச் செருகி சால்டர் செய்தேன். பழைய சுவிட்ச் ஸ்க்ரூ போட்டிருந்த அதே இரண்டு துளைகளில் இந்த அட்டையை ஸ்க்ரூ போட்டேன். இடையில் நைலான் வாஷர்களை ஒவ்வொன்றாகக் கூட்டியும் குறைத்தும், பட்டன் முழுதாக வெளியே நிற்கும்போது சுவிட்சுக்கும் அதற்கும் ஒரு தாள் நுழையும் அளவு இடைவெளி இருக்கும்படி வைத்தேன். அப்புறம் சைக்கிள் ட்யூபில் இருந்து சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, பட்டனின் பின்முனையில் ஒட்டினேன். விரல் கூடுதலாக அமுக்கும் அழுத்தத்தை அந்த ரப்பர் வாங்கிக்கொள்கிறது. அமுக்கும்போது முதலில் மெத்தென்று போய், கடைசியில் ஒரு 'டிக்'.

பட்டனைத் திரும்ப வெளியே தள்ளியது பழைய சுவிட்சின் ஸ்ப்ரிங்தான் என்றால், இப்போது அது இல்லை. பட்டன் லொடலொடவென்று ஆடும். பால்பாயின்ட் பேனாவின் ஸ்ப்ரிங்கைப் பாதியாக வெட்டிப் பட்டனின் தண்டில் கோத்தால் சரியாகிவிடும்.

ஸ்க்ரூ துளை இல்லாத கேபினெட்டில் ஒட்டத்தான் வேண்டும். ஹாட் க்ளூ இடத்தைச் சரிபார்க்க மட்டும் நல்லது, தவறினால் பெயர்த்துவிடலாம். தினமும் அமுக்கும் பட்டனுக்கு அது நெடுநாள் தாங்காது. இடம் சரியாக அமைந்ததும் அரால்டைட் போல இரண்டு ட்யூப் கலந்து பூசும் பசையைப் போட்டு, ஒரு ராத்திரி தொடாமல் விடுங்கள். பசை சுவிட்சின் மேல்பக்க இடுக்கில் ஏறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்.இ.டி. விளக்கு

சுவிட்ச் கனெக்டரை எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் வேலை செய்யும். எல்.இ.டி. அப்படி இல்லை, பிளஸ் மைனஸ் பார்க்கும். காலி இடத்துக்கு எதிர்முனையில் இருக்கும் முதல் ஊசி பிளஸ், இரண்டு எல்.இ.டி.க்கும் அப்படித்தான். மாற்றிப் போட்டால் எரியாதே தவிர ஒன்றும் கெட்டுவிடாது, திருப்பிப் போடுங்கள். ரெசிஸ்டர் போர்டிலேயே இருக்கிறது, தனியாக வேண்டாம்.

பழைய கேபினெட்டின் பவர் எல்.இ.டி. கனெக்டர் மூன்று துளை அகலம் இருக்கும். நடுத்துளை காலி, இரண்டு ஓரத்திலும் வயர். புது போர்டில் இரண்டு ஊசியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் பொருந்தாது. வயரை வெட்ட வேண்டாம். கனெக்டரின் பக்கவாட்டில், ஒவ்வொரு துளைக்கும் நேராக ஒரு மெல்லிய பிளாஸ்டிக் நாக்கு தெரியும். ஊசி முனையால் அதை நூலளவு தூக்கிக்கொண்டு வயரை மெல்ல இழுத்தால், பித்தளைக் குழாய் மாதிரி ஒரு முனை வெளியே வரும். அதை நடுத்துளையில் செருகி, நாக்கை அமுக்கிவிடுங்கள். 'க்ளிக்' என்று பிடித்துக்கொள்ளும். நாக்கை அதிகமாகத் தூக்கினால் முறிந்துவிடும், அதில் மட்டும் பொறுமை வேண்டும்.

ஓடவில்லை என்றால்

அமுக்கினால் எதுவுமே நடக்கவில்லையா? கனெக்டரை போர்டில் இருந்து உருவி, அதன் இரண்டு துளைகளில் மல்டிமீட்டர் முனைகளை வைத்து பட்டனை அமுக்குங்கள். பீப் வராவிட்டால் சால்டரிலோ, பட்டன் சுவிட்சைத் தொடாத இடைவெளியிலோ கோளாறு. பீப் வந்தால் கனெக்டரை ஓர் ஊசி தள்ளிச் செருகியிருப்பீர்கள். எனக்குத் தெரிந்து பாதிப் பேர் செய்வது இதுதான்.

ஆன் ஆகி நான்கு நொடியில் அணைந்தால், பட்டன் எங்கோ அமுங்கியே நிற்கிறது. வாஷரைக் கூட்டுங்கள், அல்லது ஒரே ஜோடிக் கால்களில் வயர் வைத்துவிட்டீர்களா என்று பாருங்கள். ப்ளக் போட்டதுமே தானாக ஓட ஆரம்பித்து, அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் வயரில் குற்றம் இல்லை. கரண்ட் போய் வந்தால் தானே ஆன் ஆக வேண்டும் என்று பயாஸில் (ஆன் ஆனதும் போர்டில் முதலில் ஓடும் புரோகிராம்) ஓர் அமைப்பு இருக்கும், அதை மாற்றினால் போதும்.

டர்போ பட்டனும் சாவியும்

டர்போ பட்டன் அழுத்தினால் நின்றுகொள்ளும் வகை. பல கேபினெட்டுகளில் அந்தச் சின்ன சதுர சுவிட்சின் மேலே மெல்லிய கம்பிக் கொக்கி ஒன்று தெரியும். அழுத்தியதும் பிடித்து நிறுத்துவது அதுதான். அதை ட்வீசரால் பிடுங்கிவிட்டால் அதுவும் காலிங் பெல் பட்டன் ஆகிவிடும். பவர் பட்டனுக்கு ரீசெட்டைக் கொடுத்துவிட்டவர்கள், இதை ரீசெட்டாக வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது சாவிப் பூட்டு. அந்தக் காலத்தில் கீபோர்டை முடக்க வைத்திருந்தார்கள். உள்ளுக்குள் அது சாவியை ஒரு பக்கம் திருப்பினால் இணையும், மறுபக்கம் திருப்பினால் பிரியும் ஒரு சாதாரண சுவிட்ச்தான். பவர் பட்டனுக்குப் போகும் இரண்டு வயரில் ஒன்றை நடுவில் வெட்டி, அதன் இரண்டு முனைகளையும் பூட்டின் இரண்டு கால்களில் சால்டர் செய்யுங்கள். சாவி சரியான நிலையில் இருந்தால்தான் பட்டன் வேலை செய்யும். ஓடிக்கொண்டிருக்கும்போது சாவியைப் பிரியும் பக்கம் திருப்பி எடுத்தாலும் கம்ப்யூட்டர் அணையாது, யாரும் பட்டனைத் தவறுதலாக அமுக்கி அணைக்கவும் முடியாது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதன் அருமை தெரியும்.

கடைசியாக, மூடியைப் போடுவதற்கு முன் எல்லா மெல்லிய வயர்களையும் சேர்த்து, பட்டனில் இருந்து நான்கு விரல் தூரத்தில் ஒரு கேபிள் டை போட்டு கேபினெட் தகரத்தோடு கட்டுங்கள். பழைய தகரத்தின் விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும், வயர் உரசும் இடத்தில் இரண்டு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள். சி.பி.யு. ஃபேனில் எதுவும் மாட்டாமல் இருக்கிறதா என்று கையால் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, மூடியைப் போட்டு, பவர் கார்டைச் செருகி, சாவியைத் திருப்பி, பட்டனை அமுக்குங்கள்.